புதுப் பெட்டியில் உண்ணி: முதலில் மங்குத் தட்டை எடுங்கள்

வாசகர் கேள்வி: ஐயா, பள்ளத்தூர்ப் பக்கம் எங்களுக்குத் தென்னையும் முருங்கையுமாக மூன்று ஏக்கர் இருக்கிறது. ரப்பர் தேன் எடுத்து முடித்த ஒரு வியாபாரியிடம் ஆனி மாதம் ஐந்து இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வாங்கி வந்தேன். இப்போது வாசலுக்கு முன்னால் சிறகு சுருங்கிய தேனீக்கள் பறக்க முடியாமல் ஊர்ந்து திரிகின்றன. 4-ஆம் பெட்டியில் தேனீக்கள் இரண்டு அடைச் சட்டம் அளவுக்கு ஒடுங்கிவிட்டன. விற்றவரைக் கேட்டால், "ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும்" என்கிறார். மாட்டு மருந்துக் கடையில் உண்ணி மருந்து கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் கலந்து அடிக்கலாமா? எங்கள் பெரிய வீட்டு முகப்பில் மூன்று மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. அங்கிருந்துதான் பரவுகிறது, கொளுத்திவிடு என்கிறார் சித்தப்பா. கிணற்றடியில் நம்மூர் அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஆபத்தா?

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்த மருந்து பாட்டிலைத் திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாட்டுத் தோலுக்கென்று தயாரித்த மருந்து அது. பெட்டிக்குள் அடித்தால் உண்ணி சாகிறதோ இல்லையோ, புழுவும் ராணியும் அடிபடும். அதைவிட மோசம், தேன்மெழுகு எண்ணெய்ப் பசையுள்ள எதையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த ஆவணியில் அடித்த மருந்து அடையிலேயே தங்கும். அந்த அடையில்தான் அடுத்த தலைமுறைப் புழு வளர வேண்டும், நீங்களும் தேன் எடுக்க வேண்டும். வெளிநாடுகளில் அதே வகை ரசாயனத்தை அளந்து தோய்த்த பட்டையாகத் தேனீக்கென்றே விற்கிறார்கள் என்பது உண்மை. அதை வைத்துக் கால்நடை மருந்தைக் கலந்து அடிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

மழை வந்தால் சரியாகும் என்பதும் நடக்காது. உண்ணியின் குடித்தனம் முழுக்க மூடிய அறைக்குள். தேனீயின் மேல் நாம் பார்ப்பது, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் வழியில் இருக்கிற உண்ணியைத்தான். புழு முற்றி, வேலைக்காரத் தேனீக்கள் அறை வாயை மெழுகால் மூடப் போகும் தருணத்தில் தாய் உண்ணி உள்ளே நழுவிவிடும். மூடி விழுந்த இரண்டரை, மூன்று நாளில் முதல் முட்டை. அது ஆண். அதன் பிறகு ஏறக்குறைய 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். இத்தாலியத் தேனீயில் வேலைக்காரப் புழுவின் அறை 12 நாள் மூடியிருக்கும், ஆண் தேனீயின் அறை அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல். அதனால்தான் உண்ணிக்கு ஆண் புழு அறை என்றால் அப்படி ஒரு பிரியம். தேனீ வெளியே வரும்போது தாயும் மகள்களும் அதன் முதுகில் ஏறிக்கொண்டு வருவார்கள். ராணி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் வரை இந்தச் சக்கரம் நிற்காது. நம் சீமையில் ராணி வருஷம் பூராவும் முட்டையிடுகிறாள். குளிர்நாட்டுப் பெட்டிகளுக்கு மார்கழியில் இயற்கையாகக் கிடைக்கும் ஓய்வு இங்கே கிடையாது. அந்த ஓய்வை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லப்போகும் வைத்தியத்தின் சாரம் இவ்வளவுதான்.

அதற்கு முன் எந்த உண்ணி என்று தெரிய வேண்டும். நம் பக்கம் இரண்டு உண்டு. ஒன்று வர்ரோவா. அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், நீளம் அதைவிடக் குறைவு. ஒரு கேழ்வரகைத் தட்டையாக நசுக்கினால் எப்படி இருக்கும், அந்த நிறம், அந்த அளவு. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகரும். மற்றது டிராபிலீலாப்ஸ். பெயர் நாக்கில் புரளாது என்பதால் பயிற்சி வகுப்பில் நான் சின்ன உண்ணி என்றே சொல்வேன். ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒடுக்கமான உடம்பு, கசகசாவை இழுத்து நீட்டியது போல. அடையின் மேல் விறுவிறுவென்று ஓடும். ஓட்டத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் எனாமல் பூசிய வெள்ளை மங்குத் தட்டு கட்டாயம் இருக்கும். செட்டிநாட்டில் அது இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. விளிம்பு உயர்ந்த பெரிய தட்டாக ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் பெட்டியைத் திறந்து, புழுவும் மூடிய அறையும் கலந்திருக்கும் ஒரு சட்டத்தை எடுங்கள். ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தேனீக்களைப் பெட்டிக்குள்ளேயே உதறுங்கள். பிறகு சட்டத்தைத் தட்டுக்கு மேல் படுக்கையாகப் பிடித்து, அதன் கட்டையைத் தட்டின் விளிம்பில் நன்றாக இரண்டு தட்டு தட்டுங்கள். திருப்பிப் பிடித்து மறுபக்கமும் அதேபோல. மெழுகுத் தூளும் மகரந்தமும் விழும். ஒரு நிமிஷம் அசையாமல் பாருங்கள். வெள்ளை மங்கில் சிவப்புப் புள்ளி ஒன்று எழுந்து ஓட ஆரம்பித்தால் அது சின்ன உண்ணி. ஒன்று விழுந்தாலும் விட்டுவைக்கக் கூடாது.

வர்ரோவாவுக்கு இந்தத் தட்டு போதாது, சர்க்கரை வேண்டும். வீட்டில் மிக்ஸியில் மாவாக அரைத்த சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. வாயகன்ற பாட்டிலின் மூடியை வெட்டி, உண்ணி விழும் ஆனால் தேனீ விழாத கம்பி வலையைப் பொருத்துங்கள். புழுச் சட்டத்திலிருந்து 100 மில்லிக்குச் சற்று மேலாகத் தேனீக்களை அதில் வாருங்கள். கணக்கு ஏறக்குறைய 300 தேனீ வரும். இங்கும் ராணி இல்லை என்று பார்ப்பது முக்கியம். சர்க்கரையை வலை வழியாகக் கொட்டி, ஒரு நிமிஷம் உருட்டி, இரண்டு மூன்று நிமிஷம் நிழலில் வைத்துவிட்டு, அதே தட்டில் தலைகீழாகக் குலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து உண்ணி மட்டும் நிற்கும். 300 தேனீக்கு ஒன்பது உண்ணி, அதாவது நூற்றுக்கு மூன்று வந்தால் இனித் தள்ளிப்போட முடியாது. மாவு பூசிய தேனீக்களைப் பெட்டிக்கே திருப்பி விடுங்கள், மற்றவை நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஐந்து பெட்டிக்கும் தனித்தனியாகச் செய்து, மூடியின் உள்பக்கம் தேதியோடு சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

சிறகு சுருங்கிப் பிறப்பது உண்ணி கொண்டுவரும் ஒரு வைரஸால். கூட்டுப்புழுவின் உடம்பில் உண்ணி துளையிட்டு உறிஞ்சும்போது வைரஸும் உள்ளே போகிறது. ஆக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தட்டில் உண்ணி விழும் என்றே நினைக்கிறேன். ஒரு சந்தேகத்தை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். சிறகு ஒழுங்காக இருந்து, நாக்கை நீட்டியபடி கும்பலாகச் செத்துக் கிடந்தால் அது பக்கத்துக் கொல்லையில் அடித்த பூச்சிமருந்து.

இனி வைத்தியம். ஐந்து பெட்டியிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்; 4-ஆம் பெட்டிக்கு மட்டும் முறை வேறு, கடைசியில் சொல்கிறேன். ஒன்றைச் சுத்தம் செய்து மற்றதை விட்டால், வழி தவறி வரும் தேனீக்களே உண்ணியைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். முதலில், மூடிய ஆண் புழு அறைகளைக் கத்தியால் அறுத்தெடுத்து எரித்துவிடுங்கள். மூடி மேடாகப் புடைத்துத் துப்பாக்கிக் குண்டு போலத் தெரியும், தவறாது. அடுத்து, ராணியைப் பிடித்து ராணிக் கூண்டில் அடைத்து, நடுவில் உள்ள இரண்டு புழுச் சட்டங்களுக்கு இடையே செருகுங்கள். கூண்டின் இடைவெளி வழியாக வேலைக்காரத் தேனீக்கள் அவளுக்கு ஊட்டும். அவளுடைய வாசனையும் பெட்டிக்குள் இருக்கும், ஆனால் முட்டையிட முடியாது. ஏழாம் நாள் திறந்து பாருங்கள். சில பெட்டிகளில் பதறிப்போய்ப் புது ராணி அறை கட்டியிருப்பார்கள். அடிப்பக்கம் நிலக்கடலை போலத் தொங்கும். ஒன்றுவிடாமல் உடைத்துவிடுங்கள்.

முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர 21 நாள், ஆண் தேனீ வர 24 நாள். ஆகவே 24-ஆம் நாள் பெட்டியில் மூடிய அறை ஒன்றுகூட இருக்காது. சின்ன உண்ணிக்கு அதுவே முடிவு. வளர்ந்த தேனீயைத் துளைத்துக் குடிக்க அதனால் முடியாது. புழு இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் பட்டினியாகச் செத்துவிடும். ஒரு சொட்டு மருந்து தேவையில்லை. வர்ரோவா அப்படிச் சாகாது, வளர்ந்த தேனீயின் வயிற்று மடிப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆனால் ஒளிந்துகொள்ள அறை இல்லாமல் முழுவதும் வெளியே நிற்கும். உண்ணியைக் கொல்லும் ஆக்சாலிக் அமிலம் மூடியைத் தாண்டி உள்ளே போகாது என்பதால் அதைப் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கலந்த பாகு 200 மில்லியில் 7 கிராம் ஆக்சாலிக் அமிலத் தூள். இந்த அளவு ஐந்து பெட்டிக்குப் போதும். சாயங்காலம், ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, தேனீ நிறைந்திருக்கும் ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் 5 மில்லி, நூலாக விடுங்கள். ஒரு பெட்டிக்கு 50 மில்லியைத் தாண்டக் கூடாது. ஒரே முறைதான், மறுவாரம் இன்னொரு முறை என்று ஆசைப்படாதீர்கள். தேனீ தாங்காது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நாம் தேன் எடுக்கும் மேலடுக்கு பெட்டியின் மேல் இருக்கும்போது செய்யவே கூடாது. மறுநாள் ராணியைத் திறந்துவிடுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் முட்டையில்லாமல் இருந்தால் கூட்டம் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும். அதனால்தான் ஆவணி, புரட்டாசியை நான் இதற்கு உகந்த காலம் என்கிறேன். இப்போது பூ வரத்து குறைவு, எடுக்கத் தேனும் இல்லை, நஷ்டம் சிறிது. இன்றே தொடங்கினால் ஐப்பசி அடைமழைக்கு முன் ராணி மறுபடி முட்டையிட ஆரம்பித்திருப்பாள். அந்த 24 நாளும், அதற்குப் பின் மூன்று வாரமும், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று பாகு வையுங்கள். பகலில் வைத்தால் திருட்டுத் தேனீ கூடும், இருட்டிய பிறகு பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெட்டிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பீர்கள், பாகு வைக்கும் நாட்களில் அதைத் தினமும் பார்க்க வேண்டும். செவ்வெறும்பு ஒரு ராத்திரியில் கதையை முடித்துவிடும்.

கந்தகத் தூளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டங்களின் மேல்கட்டையில், சட்டத்துக்கு ஒரு கிராமுக்குள், வாரம் பத்து நாள் இடைவெளியில் தூவுவது நம் நாட்டில் வழக்கம். அறைக்குள் விழக்கூடாது. அதனால் கொஞ்சம் பலன் உண்டு, தொற்று லேசாக இருக்கும்போது போதும். சிறகு சுருங்கிய தேனீ வாசலில் ஊர ஆரம்பித்த பிறகு கந்தகத்தை மட்டும் நம்பி உட்காருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஃபார்மிக் அமிலத்தைப் பற்றி விற்றவர் சொல்லியிருக்கலாம். ரப்பர் பால் உறைய வைக்க அது தெற்கே வீட்டுக்கு வீடு இருக்கும். அதன் ஆவி மூடிய அறைக்குள்ளும் போகும், அந்தச் சக்தி வேறு எதற்கும் இல்லை. ஆனால் நம் வெயிலில் அது எமன். பல வருஷத்துக்கு முன் திருமயம் பக்கம் ஒரு மகளிர் குழுவின் பத்துப் பெட்டிகளுக்கு, பங்குனி மாதம் காலை பத்து மணிக்கு நானே வைத்தேன். அளவு சரி, நேரம்தான் தவறு. உச்சி வெயிலில் ஆவி குபீரென்று கிளம்பி, தேனீக்கள் மொத்தமும் வாசலில் தாடி போல வந்து தொங்கின. சாயங்காலம் திறந்தபோது மூன்று ராணிகள் செத்துக் கிடந்தன. புழுவெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அந்தப் பெண்கள் சங்கக் கடன் வாங்கி வாங்கிய பெட்டிகள் அவை. அவர்கள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றும் மனசு ஆறவில்லை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் பகலில் அதை வைக்கவே கூடாது. செட்டிநாட்டில் அதைத் தாண்டாத நாட்கள் மார்கழி, தையில் சில வாரம்தான் கிடைக்கும். தேவைப்பட்டால் அப்போது, பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க, பொழுது சாய்ந்த பிறகு செய்யலாம். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். உண்ணி விழுந்த தட்டை மூடி எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்க் காட்டுங்கள்.

சித்தப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், கொளுத்த வேண்டாம் என்று. அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சின்ன உண்ணி ஆதியில் மலைத்தேனீயிடம் வாழ்ந்ததுதான். அங்கிருந்துதான் இத்தாலியத் தேனீக்கு வந்தது. ஆனால் மலைத்தேனீ பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் ஜாதி. அவை கூட்டை விட்டுக் கிளம்பினால் உண்ணிக்குப் புழு இல்லாமல் போகிறது. நாம் ராணியைக் கூண்டில் அடைத்துச் செய்வதை அவை தாமே செய்துகொள்கின்றன. அதனால் அவை உண்ணியோடு சேர்ந்தே பிழைத்துக் கிடக்கின்றன. நம் பெரிய வீடுகளின் உயர்ந்த முகப்பும் கோபுரங்களும் அவற்றுக்கு மலை முகடு மாதிரி. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் வருஷா வருஷம் வந்து இறங்குகின்றன. உங்கள் தென்னைக்கும் முருங்கைக்கும் ஊரில் உள்ள புளிக்கும் வேம்புக்கும் வேலை செய்வது அவையும்தான். மூன்று கூட்டைக் கொளுத்தினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். தீயில் தப்பியவை யாரைக் கொட்டும் என்பதும் நம் கையில் இல்லை. நீங்கள் செய்யக்கூடியது, இளைத்த பெட்டிகளின் வாசலை இரண்டு தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்குவது. மலைத்தேனீ வந்து தேன் திருடும்போதுதான் தொடர்பு உண்டாகிறது. வாசல் சிறியதாக இருந்தால் காவல் எளிது. பெட்டிகளை முகப்பு நேராகத் தெரியும் இடத்திலிருந்து கொல்லைப் பக்கம் நகர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் நகர்த்துவதை இப்போதே செய்யாதீர்கள், வைத்தியம் முடியட்டும்.

கிணற்றடி அடுக்குத் தேனீயைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வர்ரோவா தலைமுறை தலைமுறையாக அதனோடு வாழ்ந்த பிராணி. 1904-இல் ஜாவாவில் அடுக்குத் தேனீயின் மேல்தான் முதலில் வர்ரோவாவைக் கண்டு எழுதினார்கள். நம் தேனீ அதை உடம்பிலிருந்து கடித்துத் தள்ளும், நோய்ப்பட்ட புழுவை வெளியே இழுத்துப் போடும். அதன் கூட்டில் உண்ணி பெருகுவது பெரும்பாலும் ஆண் அறையில் மட்டுமே. இத்தாலியத் தேனீ இந்தியாவில் நிலைகொண்டதே 1962-க்குப் பிறகு, இமாசலத்து நக்ரோட்டாவில். அதற்கு இந்தப் பழக்கமெல்லாம் போதாது. அதைக் கொல்லும் வர்ரோவாவை 2000-இல் தனி இனமாகப் பிரித்து, அழிப்பான் என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள். அடுக்குத் தேனீக்கு உண்மையான பயம் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழு நோய். 1991-ஐ ஒட்டித் தென்னாட்டுப் பெட்டிகளின் பெரும்பகுதியை அது காலி செய்துவிட்டது. புழு நீர் நிறைந்த பை போல ஊதி, தலை நிமிர்ந்து அறைக்குள் கிடந்தால் அதுதான். அது வைரஸ், உண்ணி வைத்தியம் அதற்குப் பலிக்காது. ஆகவே அந்தப் பெட்டியின் சட்டங்களையோ சட்டம் நெம்பும் உளியையோ புதுப் பெட்டிகளோடு கலக்காதீர்கள்.

விற்றவரிடம் இனி மல்லுக்கு நின்று பயனில்லை. அடுத்த முறை வாங்கும்போது, மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகு, விடியற்காலையில் நீங்களே போய் நில்லுங்கள். மூடிய அறைகள் இடைவெளியில்லாமல் பாய் விரித்தது போல இருக்க வேண்டும். அங்கங்கே சொட்டை விழுந்து, மூடியில் ஊசித் துளை தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆண் அறை ஒரு பத்தைக் கிளறிக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் உண்ணி இருந்தால் பளிச்சென்று தெரியும். கடைசியாக என்ன மருந்து, எந்த மாதம் போட்டீர்கள் என்று கேளுங்கள். எங்கள் பெட்டிக்கு மருந்தே தேவைப்பட்டதில்லை என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். கொண்டுவந்ததும் பழைய பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, முதல் வாரத்திலேயே தட்டுச் சோதனை செய்துவிடுங்கள்.

4-ஆம் பெட்டிக்கு நான் சொன்ன 24 நாள் வைத்தியம் ஆகாது. இரண்டு சட்டத் தேனீ அவ்வளவு நாள் பிள்ளையில்லாமல் தாங்காது. அதில் உள்ள மூடிய புழு அடைகளை மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்து எரித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் உண்ணியில் பெரும்பங்கு அதோடு போய்விடும். திறந்த புழு இருக்கும் அடையையும் எடுத்துவிட்டு, தேன் உள்ள அடை ஒன்றும் வெற்று அடை ஒன்றும் மட்டும் வைத்து, வாசலைக் குறுக்கிப் பாகு வையுங்கள். மறுநாள் சாயங்காலமே ஆக்சாலிக் பாகு இரண்டு இடைவெளிக்கு 10 மில்லி விடலாம். ராணியை அடைக்க வேண்டாம், அவள் உடனே முட்டையிடத் தொடங்கட்டும். பாவம் என்று நல்ல பெட்டியோடு இப்போது சேர்த்துவிடாதீர்கள். மற்ற நான்கும் சுத்தமாகி, அடுத்த தட்டுச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒன்றும் விழாத பிறகு, அவற்றில் வலுவான பெட்டியிலிருந்து வெளிவரும் பருவத்துப் புழுச் சட்டம் ஒன்றை இதற்குக் கொடுங்கள். ராணியைத் திறந்துவிட்டு நான்கு வாரம் கழித்து அந்தச் சோதனையைச் செய்து, ஐந்து மூடியிலும் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பழைய எண்ணையும் புது எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.